எண்ணை மாற்றினால் அடுத்தவர் அறிக்கை: எங்கள் ஏ.பி.ஐ.யைச் சீர்செய்த அனுபவம்

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த தோழி ஒருவர் ஒரு நாள் மதியம் தம் மடிக்கணினியை என் மேசைக்கே தூக்கிக்கொண்டு வந்தார். தம் சொந்தக் கணக்கில் நுழைந்து, அறிக்கையின் முகவரியில் 48213 என்றிருந்த எண்ணை 48214 என்று மாற்றினார். முன்பின் தெரியாத ஒருவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு, பெயர், வயது, கைப்பேசி எண்ணோடு திரையில் வந்து நின்றது. ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக நாங்கள் எழுதிக் கொடுத்த செயலி அது. செயலி சர்வரிடம் தரவைக் கேட்டுப் பெறும் வழியைத்தான் ஏ.பி.ஐ. என்கிறோம். அந்த முகவரியை உடனே மூடினோம். கசிவைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை கூறுவதால், அன்று மாலையே அவர்களுக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் எழுதினோம்.

மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் ஏ.பி.ஐ. பாதுகாப்புப் பட்டியலில் 2019-இலும் 2023-இலும் முதலிடத்தில் இருப்பது இதே குறைதான். வந்தவர் யார் என்பதை எங்கள் சர்வர், கணக்கில் நுழையும்போது தரப்படும் டோக்கன் என்ற அடையாளச் சீட்டைக் கொண்டு சரியாகவே உறுதிசெய்தது. கேட்கும் அறிக்கை அவருடையதுதானா என்று மட்டும் எங்கும் கேட்கவில்லை. யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அதையும் செய்தோம், ஆனால் அறிக்கையின் இணைப்பை வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்புவது அன்றாட வழக்கமாக இருக்கும்போது, அதை மட்டும் நம்புவது பூட்டாத வீட்டின் முகவரியை மறைத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

ஏ.பி.ஐ.யில் வெவ்வேறு வேலைகளுக்காக மொத்தம் 63 முகவரிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் உரிமைச் சோதனையை எழுதிச் சேர்த்தாலும், 64-ஆவதை எழுதுபவர் மறந்துவிட்டால் மீண்டும் இதே நிலைதான் என்பதால், தரவுத்தளத்திலேயே காவல் வைப்பது என்று முடிவெடுத்தோம். எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பிலிருந்தே வரிசை அளவிலான பாதுகாப்பு என்ற வசதி இருக்கிறது: எந்த வரிசையை யார் பார்க்கலாம் என்ற விதியை அட்டவணையின் மீதே எழுதிவிடலாம். எழுதினோம், இயக்கினோம், சோதித்தபோது 48214 அப்படியே திறந்தது. அட்டவணையின் உரிமையாளராக இருக்கும் தரவுத்தளக் கணக்கை, தனியே கட்டாயப்படுத்தினாலொழிய, இந்த விதி கட்டுப்படுத்தாது என்பதும், எங்கள் செயலி அத்தனை ஆண்டுகளாக அந்த உரிமையாளர் கணக்கிலேயே இணைந்துவந்தது என்பதும் புரிய இரண்டு நாட்கள் பிடித்தன. குறைந்த அனுமதிகளோடு தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிச் செயலியை அதற்கு மாற்றினோம்.

அடுத்து வந்த சிக்கல் இன்னும் நுட்பமானது. பயனரின் எண்ணைத் தரவுத்தளத்துக்கான இணைப்பில் ஓர் அமைப்பாக வைத்துத்தான் அந்த விதி வேலை செய்தது. எங்கள் இணைப்புகளோ ஒரு வேண்டுகோள் முடிந்ததும் அடுத்ததற்குக் கைமாறுபவை. முந்தையவரின் எண் அதிலேயே தங்கிவிட்டால் அடுத்தவர் அவராகவே நடத்தப்படுவார். பரிமாற்றம், அதாவது தரவுத்தளத்தில் ஒரே தொகுதியாகச் செய்யப்படும் வேலை, முடிந்ததும் தானே அழியும்படி அந்த எண்ணைப் பரிமாற்றத்துக்குள் மட்டும் அமைத்தோம். அமைக்கப்படாவிட்டால் ஒரு வரிசைகூடத் தெரியக் கூடாது என்று விதியையும் இறுக்கினோம். இப்போது இரண்டு போலிக் கணக்குகள் ஒன்றின் தரவை மற்றொன்று கேட்கும் சோதனையில் தேறாத எந்த மாற்றமும் சர்வருக்குப் போவதில்லை.

என்னை இன்றும் வருத்துவது, யார் எப்போது எதைக் கேட்டார் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவுகள்தான். அவற்றை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் உண்டு. சேமிப்புச் செலவைக் குறைப்பதற்காக நாங்கள் 30 நாட்களில் அழித்துவந்தோம். ஏதேனும் ஒரு கணக்கு தொடர் எண்களைக் கேட்டிருக்கிறதா என்று அந்த 30 நாட்களையும் வரி வரியாகத் தேடினோம். எங்கள் தோழியின் முயற்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி பரிசோதனைக் கூடத்தார் கேட்டபோது, எங்களிடம் விடை இல்லை என்றே எழுதிக் கொடுத்தோம்.