கேன்சாட் கட்டப்போகும் ஏரோ மாணவர்களுக்கு

ஏரோஸ்பேஸ் படிக்க வருகிறவர்களில் பலருக்கு ராக்கெட் மேல்தான் கண். செயற்கைக்கோள் என்றாலே ஈசிஇக்காரர்கள் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மாணவர் அணிகளோடு சில வருடங்களாக உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்ற முறையில், கேன்சாட்டில், அதாவது குளிர்பான கேன் அளவு மாதிரிச் செயற்கைக்கோளில், புரோகிராம் எழுதுவதைவிடச் சோதித்துப் பார்ப்பதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் பாப் ட்விக்ஸ் 1998இல் முன்வைத்த யோசனைதான் கேன்சாட். 350 மில்லி குளிர்பான கேன் அளவுக்குள் சென்சார், பேட்டரி, ரேடியோ எல்லாம் அடங்க வேண்டும். இது சுற்றுப்பாதைக்குப் போகாது. சிறு ராக்கெட்டோ ட்ரோனோ மேலே கொண்டுபோய் விட, பாராசூட்டில் இறங்கிக்கொண்டே தரவு அனுப்பும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் போட்டியில் உயரம் 115 மி.மீ., விட்டம் 66 மி.மீ., எடை 300 முதல் 350 கிராம். போட்டிக்குப் போகாவிட்டாலும் இந்த வரம்பை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டப்பா வீங்கிக்கொண்டே போகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் செயற்கைக்கோள் 2009இல் பிஎஸ்எல்வியில் போனது. 40 கிலோ, பல வருட உழைப்பு. கேன்சாட்டை ஒரு செமஸ்டரில் முடித்துவிடலாம்.

முதலில் பாராசூட். எல்லோரும் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவார்கள், நீங்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். எடை 350 கிராம், இறங்குவேகம் வினாடிக்கு 8 மீட்டர், இழுவைக் குணகம் 0.8, காற்றின் அடர்த்தி 1.2 என்று வைத்தால் விட்டம் ஏறத்தாழ 38 செ.மீ. வரும். குடைத்துணியில் வெட்டித் தைத்து, அதே எடைக்கு மணல் நிரப்பிய டப்பாவைக் கட்டி மாடியிலிருந்து போடுங்கள். கீழே ஆள் இல்லாததைப் பார்த்துக்கொண்டுதான்! ஒருவர் ஸ்லோமோஷனில் வீடியோ எடுக்கட்டும். துணி விரியவே சில மீட்டர் ஆகும் என்பதால் கடைசிப் பகுதியை மட்டும் வைத்து வேகம் கணக்கிடுங்கள். டப்பா ஊஞ்சலாடினால் துணியின் நடுவில் ஒரு சிறு ஓட்டை போட்டால் அடங்கும்.

அடுத்தது, பலரும் யோசிக்காத ஒன்று: நடுவானில் ரீசெட். ராக்கெட் கிளம்பும் அதிர்வில், ஸ்பிரிங் வைத்த பேட்டரி ஹோல்டர் ஒரு நொடி தொடர்பை விட்டால் போதும், கன்ட்ரோலர் மறுபடி முதலிலிருந்து ஓடும். உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். 'ஆன் ஆனதும் இருக்கிற அழுத்தமே தரை அழுத்தம்' என்று புரோகிராம் எழுதியிருந்தால், 400 மீட்டரில் பறந்துகொண்டிருக்கும் டப்பா தன் உயரம் சைபர் என்று அனுப்பும். பாராசூட்டை விடுவிப்பதும் அந்த உயரத்தை நம்பியிருந்தால் கதை முடிந்தது. தரை அழுத்தத்தை, பவர் போனாலும் அழியாத நினைவகமான இஇபிராமில் எழுதி வையுங்கள். ஹோல்டரை விட்டுவிட்டு, டேப் வெல்டு செய்த (முனைகளில் உலோகப் பட்டை பற்றவைத்த) பேட்டரியை வாங்குங்கள். சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம்: டெலிமெட்ரி (ரேடியோவில் தரவு அனுப்புவது) ஓடும்போது டப்பாவைக் கையில் பிடித்து நன்றாகக் குலுக்குங்கள், நடுவில் வேண்டுமென்றே பவரை நிறுத்திப் போடுங்கள். எஸ்டி கார்டில் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் எழுதப்படுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

உயர அளவைச் சரிபார்க்க லிஃப்ட் போதும். தரைக்கு அருகில் ஏறத்தாழ எட்டரை மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் குறையும். பத்து மாடி ஏறினால் வரைபடத்தில் அந்தச் சரிவு தெளிவாகத் தெரிய வேண்டும். வெப்பநிலை சென்சாரை வோல்டேஜ் ரெகுலேட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், வெளிக்காற்றுக்குப் பதில் உங்கள் போர்டின் சூட்டைத்தான் அளக்கும்.

ரேடியோவுக்கு, கிடைத்ததே என்று 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலை வாங்கிவிடாதீர்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அதற்குக் கால் அலைநீள ஆன்டெனா சுமார் 8.7 செ.மீ. அதை அலுமினிய கேனுக்குள் மடக்கி வைத்தால் சிக்னல் வெளியே வராது. உடலை 3டி பிரின்ட் எடுத்துவிடுவது நல்லது.

வைவாவில் அநேகமாகக் கேட்பது, "கணக்கில் வந்த வேகம் என்ன, பறந்தபோது என்ன, ஏன் வித்தியாசம்?" என்பதுதான். மாடி வீடியோ, அழுத்த வரைபடம் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டு எடுத்துப் போங்கள்.