இடது பக்கமா, வலது பக்கமா

“இன்னைக்கு என்னைக் கேக்காதீங்க சிஸ்டர். அதுவே நல்லது.”

மத்தியான ஹேண்டோவர் முடிந்து, அதாவது ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டிடம் பேஷன்டுகளை ஒப்படைத்து, நார்கோட்டிக் மருந்து அலமாரியின் சாவி கைமாறி, ரிஜிஸ்டரில் கையெழுத்தும் ஆன பிறகு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சொன்ன பதில் இது. “இன்னைக்கு எது சரியா நடந்துச்சு?” என்று கேட்டவர் வார்டு இன்சார்ஜ். “சரிம்மா, கேக்கல. போய்ச் சாப்பிடு” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. நோட்டை எடுத்து, தேதி போட்டு, “ஒன்பதாம் பெட் பார்த்த சிஸ்டரை இன்று கேட்கவில்லை” என்று எழுதி வைத்திருக்கிறார். அதுவும் இடது பக்கத்தில்.

இடது பக்கம் நல்லதுக்கு, வலது பக்கம் கல்லுக்கு. அந்த நோட்டுக்கு இருக்கும் ஒரே இலக்கணம் அதுதான்.

வேலையிடத்தில் சந்தோஷம் என்று சுவரில் மஞ்சள் ஸ்மைலி ஒட்டும் வழக்கத்துக்கு மாற்றாகத்தான் இந்த நோட்டு வந்தது. செய்முறை ரொம்பச் சின்னது. பெட் பெட்டாக ஹேண்டோவர் முடிந்ததும் இரண்டு நிமிடம். கேள்வி, “சந்தோஷமா இருந்தியா” என்பதில்லை. அப்படிக் கேட்டால் “இருந்தேன் சிஸ்டர்” என்பதற்கு மேல் ஒன்றும் வராது. “இன்னைக்கு எது சரியா நடந்துச்சு, எதனால?” என்று கேட்க வேண்டும். உயிர் அந்த ‘எதனால’வில் இருக்கிறது. 2005இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவர் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவு மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது, அந்த வாரத்துக்குப் பிறகும் தாங்களாக விடாமல் எழுதியவர்களிடம் கூடுதலாக. “பேஷன்ட் தேங்க்ஸ் சொன்னார்” என்று எழுதினால் அது வெறும் செய்தி. “டிஸ்சார்ஜ் சம்மரி பதினொரு மணிக்கே வந்துவிட்டது, டாக்டர் முந்தின நாள் சாயங்காலமே டிக்டேட் பண்ணியதால்” என்று எழுதினால், நாளைக்கும் அதைச் செய்து பார்க்கலாம்.

வலது பக்கத்துக் கல், செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கல். பாஸ்டனில் இருக்கும் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஹெல்த்கேர் இம்ப்ரூவ்மென்ட் 2017இல் மருத்துவப் பணியாளர்களின் பணி மகிழ்ச்சிக்காக வெளியிட்ட வழிமுறையிலிருந்து எடுத்தது. “உங்களுக்கு எது முக்கியம்?” என்று முதலில் கேள், அதற்குக் குறுக்கே நிற்கும் சின்னக் கல்லைப் பிறகு எடு என்கிறார்கள். ஸ்ட்ரிப் இல்லாத குளுக்கோமீட்டர், வெல்க்ரோ ஒட்டாத பிபி கஃப், சார்ஜ் நிற்காத இன்ஃப்யூஷன் பம்ப், ஒரே தகவலை மூன்று ரிஜிஸ்டரில் எழுதுவது, எல்லாம் கல்தான். எதிரே மூன்று கட்டம்: என்ன, யாரால் எடுக்க முடியும், எப்போது. வார்டே எடுக்கக்கூடிய கல் மறுநாளுக்குள் போயாக வேண்டும். இண்டென்ட், அதாவது ஸ்டோருக்குக் கேட்புச் சீட்டு, போட வேண்டியது இன்சார்ஜ் கைக்கு. நிர்வாகத்துக்குப் போக வேண்டியது ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. ஒரு வாரத்துக்குள் பதில், முடியாது என்றாலும் சரி. ஐந்தாறாகச் சேர்த்து அனுப்பினால் அது புகார் மனு ஆகி ஃபைலுக்குள் போய்விடும்.

சின்னக் கல்தானே என்று நினைக்கக் கூடாது. ஹவாய் பசிபிக் ஹெல்த் என்ற மருத்துவக் குழுமம் 2017 அக்டோபரில், ‘இது எதுக்கு’ என்று தோன்றும் பதிவு வேலைகளைச் சொல்லுங்கள் என்று ஊழியர்களையே கேட்டது. மணிக்கொரு தரம் பேஷன்டைப் பார்த்தேன் என்று நர்ஸுகள் கம்ப்யூட்டரில் தட்டும் ஒரு பதிவு அதில் மாட்டியது. ஒரு தடவைக்கு 24 நொடி. நான்கு மருத்துவமனையிலும் கூட்டிப் பார்த்தால் மாதம் சுமார் 1,700 நர்ஸிங் மணி நேரம்.

அப்படியென்றால் அன்றைய பதில் எந்தப் பக்கம்?

வலது பக்கம் என்றுதான் முதலில் தோன்றும். “கேக்காதீங்க” என்றால் கேள்வி உறுத்துகிறது என்று அர்த்தம். நர்ஸ் வேலையில் சிரிப்பும் வேலையின் பகுதி. பேஷன்டிடம், அட்டெண்டரிடம், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம், பில் கவுண்டரிலிருந்து கோபமாக வரும் மகனிடம். விமானப் பணிப்பெண்களைப் பார்த்து சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்டு 1983இல் எழுதியது இதைத்தான்: உணர்ச்சியை ஆள்வதும் சம்பளத்துக்கான உழைப்பு. ஆறேழு மணி நேரம் அதைச் செய்துவிட்டு வந்தவரை, கடைசி இரண்டு நிமிடத்தில் நம்ம ஆட்களுக்குள்ளேயும் ஒரு நல்லதைக் காட்டு என்று கேட்டால்? அந்த ஷிஃப்டில் ஒன்பதாம் பெட்டை ஐசியுவுக்கு மாற்றியிருந்தார்கள். வார்டில் மரணம் நடந்த நாளில் கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஐசியு மாற்றலுக்கு இல்லை. இருக்க வேண்டுமா? வைத்தால் மெடிக்கல் வார்டில் கேட்கவே நாள் கிடைக்காது.

விதிகளை இளக்கினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். பதில் வேண்டாமென்றால் ‘பாஸ்’ சொல்லலாம் என்று விட்ட வார்டுகளில் சீக்கிரமே எல்லோரும் பாஸ். கட்டாயம் என்ற வார்டுகளில் “எல்லாம் நல்லா போச்சு”. இன்சார்ஜ் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். ஆளின் பெயரைப் போட்டுப் பாராட்டினால் அடுத்த டூட்டியில் முகம் திரும்பும். தர ஆய்வுக்கு இந்த நோட்டையும் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அன்றைக்கே அது செத்தது. முன்தேதிக்கும் சேர்த்து எழுதி வைத்துவிடுவார்கள். நைட் டூட்டி முடிந்து காலையில் கேட்பது கொடுமை. அதை விடியற்காலை டீக்கு நகர்த்த வேண்டும்.

ஆகவே இன்சார்ஜ் செய்தது சரி, கேட்காமல் விட்டார், அதை மறைக்காமல் எழுதினார் என்று சொல்லலாம். இடது பக்கம் என்பதற்கும் ஒரு நியாயம் கிடைக்கும்: “கேக்காதீங்க” என்று இன்சார்ஜ் முகத்துக்கு நேரே ஒரு ஜூனியர் சொல்ல முடிந்ததே நல்ல விஷயம் இல்லையா? பயம் இருக்கும் வார்டில் அந்த வாக்கியம் வராது. “எல்லாம் நல்லா போச்சு” என்றுதான் வரும்.

இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. நோட்டைக் கொண்டுவந்தவர்களுக்கு வசதியான விளக்கம் இது. எது நடந்தாலும் நோட்டு ஜெயிக்கும்.

இன்னொன்றும் உண்டு. தினசரிப் பழக்கம் என்று சொல்கிறோமே, ஆளாளுக்குத் தினமும் நல்லதல்ல. கிடைத்த நன்மைகளை வாரம் மூன்று முறை எழுதியவர்களைவிட, வாரம் ஒரே முறை எழுதியவர்களுக்குத்தான் பலன் இருந்தது என்று உளவியலாளர் சோனியா லுபோமிர்ஸ்கி குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். பழகப் பழக மரத்துவிடும். அதனால் வார்டுக்குத் தினமும், ஆளுக்கு வாரம் ஒருமுறை என்று சுற்று வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு ஹேண்டோவரில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். அன்று அந்தப் பெண்ணின் முறைதான். கணக்குப்படி எல்லாம் சரி.

ஒருவரே மாதத்தில் மூன்று தடவை பாஸ் சொன்னால் அவரைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லாதே, டூட்டி ரோஸ்டரைப் பார் என்பதும் உண்டு. பெரும்பாலும் அங்கேதான் கல் கிடக்கும்: தொடர் நைட், ரத்தான வீக் ஆஃப், ஆள் குறைவென்று டபுள் டூட்டி. அவர் ரோஸ்டரில் அப்படி எதுவும் இல்லை.

பிறகு இன்சார்ஜிடமே விசாரித்ததில் கிடைத்த பதில் இவ்வளவுதான்: “தினம் கேக்கறது நான்தானே. அன்னைக்கு ஒரு ஆளு குறைஞ்சுது.” பக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த வரி நர்ஸைப் பற்றியதே இல்லையோ என்று அப்போதுதான் உறைத்தது. மாதக்கணக்கில் எல்லோரையும் கேட்டு எழுதியவர், தன் கணக்கில் எழுதிய ஒரே நல்லது, ஒருவரைக் கேட்காமல் விட்டது.

நோட்டில் இன்சார்ஜுக்கு வரிசை கிடையாது. நர்ஸுகளுக்கெல்லாம் மேலதிகாரியான மேட்ரன் ரவுண்ட்ஸில் கேட்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. அவர் வருவது காலை பத்து மணிக்கு, ஃபார்மசி ரிட்டர்னும் இண்டென்ட்டும் ஒன்றாக நிற்கும் நேரம்.