சோபாவை ஒட்டி ஒரு கயிற்றுக் கம்பம்
சோபாவைப் பிறாண்டுகிறது என்று பூனையை அதட்டிப் பயனில்லை. நாம் இல்லாத நேரம் பார்த்துப் பிறாண்டும், அவ்வளவுதான். நகத்தின் பழைய மேலுறையைக் கழற்ற, உடம்பை நீட்டிச் சோம்பல் முறிக்க, பாதத்து வாசனையைப் பூசி ‘இது என் இடம்’ என்று காட்ட, அது பிறாண்டியே ஆக வேண்டும். எங்கள் சோபாவின் கைப்பிடி நூல் நூலாகத் தொங்குகிறது. கீழே பிறை மாதிரி நக உறைகள் கிடக்கும்.

மரக்கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி நிறுத்துங்கள். பின்னங்காலில் நின்று முழுசாக நீட்ட, 3 அடி உயரமாவது வேண்டும். ஆடினால் சீண்டவே சீண்டாது. மூலையில் ஒளித்து வைக்காமல் சோபாவை ஒட்டியே வையுங்கள். அப்புறம், நகத்தை எடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். விரல் நுனி எலும்போடு வெட்டுகிற வேலை அது!