லிப் ஃபோல்டரிலிருந்து மேவனுக்கு

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் இருக்கும் மொத்த மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிற சின்ன அலுவலகம் எங்களுடையது. இருப்பது அண்ணா நகரில். மென்பொருள் ஜாவாவில் எழுதியது, பழசு. அதை முழுசாக பில்ட் செய்ய, அதாவது எழுதிய நிரல் கோடை ஓடும் மென்பொருளாக்க, முடிந்தது ஒரே ஒரு கணினியில்தான். எங்கள் சீனியர் அண்ணனுடைய கணினி அது. கோடு எழுதும் எக்லிப்ஸைத் திறந்து, ப்ராஜெக்ட் மேல் வலது க்ளிக் செய்து, ஜாராக (ஜாவா கோடைக் கட்டிய ஒரே ஃபைல்) எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுப்பார். அவர் லீவு என்றால் கடைகளுக்கு அப்டேட்டும் லீவு. அவர் கோயம்புத்தூருக்கு வேலை மாறப்போகிறார் என்று தெரிந்த பிறகுதான் முதலாளிக்கு உறைத்தது. "யார் உட்கார்ந்தாலும் பில்ட் ஆகணும்மா, அவ்வளவுதான்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

மேவனா கிரேடிலா என்ற பேச்சு வந்தது. இரண்டுமே பில்டைத் தானாகச் செய்யும் கருவிகள். கிரேடிலில் பில்ட் ஃபைலே ஒரு நிரல்தான். க்ரூவியிலோ கோட்லினிலோ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பெரிய ப்ராஜெக்ட்டுகளில் வேகமும் அதிகம். ஆனால் ஆளாளுக்கு இஷ்டப்படி செய்துகொண்டதால்தான் எங்கள் அலுவலகம் இந்த நிலைக்கு வந்தது. மேவனில் அதற்கு இடம் குறைவு. கோடு எங்கே இருக்க வேண்டும், கம்பைலுக்கு அப்புறம் டெஸ்ட், டெஸ்டுக்கு அப்புறம் பேக்கேஜ் என்ற வரிசை, எல்லாம் அதுவே முடிவு செய்து வைத்திருக்கிறது. மேவனுக்கான குறிப்பை எழுதும் எக்ஸ்எம்எல் நீளமாக இருக்கும், எழுதச் சலிப்பாக இருக்கும். எங்களுக்கு அந்தச் சலிப்புதான் தேவைப்பட்டது.

அந்தக் குறிப்பு ஃபைலான பாமை எழுதுவது பெரிய வேலை இல்லை. ப்ராஜெக்ட்டின் அடையாளமான க்ரூப் ஐடி, ஆர்ட்டிஃபாக்ட் ஐடி, வெர்ஷன் மூன்றையும் போட்டு, ஜாவா ஃபைல்களை மேவன் கேட்கும் ஃபோல்டருக்கு நகர்த்தினால் எலும்புக்கூடு தயார். வேலை முழுவதும் லிப் ஃபோல்டரில்தான் இருந்தது. வருஷக்கணக்காகச் சேர்ந்த, பிறர் எழுதி நாங்கள் பயன்படுத்தும் ஜார்கள். சிலவற்றின் பெயரில் வெர்ஷன் எண் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஒன்றின் பெயர் "புதுசு", அதன் பக்கத்திலேயே "புதுசு2".

"அண்ணே, இது எதுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன்.

"அதை எடுத்துடாதம்மா. எதுக்கோ போட்டேன்."

பாதி ஜார்களுக்கு இதுதான் பதில்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஜாரைத் திறந்து அதன் விவரக் குறிப்பான மேனிஃபெஸ்ட் ஃபைலில் வெர்ஷன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஜாரின் கைரேகை மாதிரியான எஸ்ஹெச்ஏ-1 எண்ணை எடுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளையே போதும். அந்த எண்ணை ஜார்களின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலின் தேடலில் கொடுத்தால், அதே ஃபைல் அங்கே இருக்கும் பட்சத்தில் பெயரும் வெர்ஷனும் அப்படியே வந்து நிற்கும். "புதுசு2" யார் என்பது அப்படித்தான் தெரிந்தது: எக்ஸெலுக்கு எழுதும் அப்பாச்சி பிஓஐ-யின் பழைய வெர்ஷன்.

தேவையில்லாதவற்றைக் கழிக்க மேவனிலேயே டிபென்டென்சி அனலைஸ் என்று ஒன்று உண்டு. எது அறிவித்தும் பயன்படவில்லை, எது அறிவிக்காமலே பயன்படுகிறது என்று பட்டியல் கொடுக்கும். அதை அப்படியே நம்பக் கூடாது. அது கம்பைல் ஆன கோடை மட்டும்தான் பார்க்கிறது. எங்கள் பட்டியலில் தரவுத்தளத்தோடு பேசும் மைஎஸ்க்யூஎல் டிரைவரும் "பயன்படவில்லை" வரிசையில் வந்து நின்றது. டிரைவரை எந்த வகுப்பும் நேரடியாகத் தொடுவதில்லை, ஓடும்போதுதான் ஏறுகிறது. அனலைஸுக்கு அது தெரிய வழியில்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "எடுத்துரு, நாளைக்கு எல்லாக் கடையிலயிருந்தும் போன் வரும்" என்று சிரித்தார்.

சென்ட்ரலில் இல்லாத ஜார்கள் அடுத்த தலைவலி. மாதக் கணக்கு ரிப்போர்ட்டுக்கு ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் வைத்திருந்தோம். நாங்கள் வைத்திருந்த வெர்ஷன் கேட்டது, பிடிஎஃப் உருவாக்கும் சாதாரண ஐடெக்ஸ்ட் ஜார் இல்லை. ஜாஸ்பர்காரர்கள் தங்களுக்காகத் திருத்திக்கொண்ட, 2.1.7-க்குப் பின்னால் ஜேஎஸ் ஒட்டிய ஐடெக்ஸ்ட். அது அவர்களுடைய தனி ரெப்பாசிட்டரியில், அதாவது ஜார் களஞ்சியத்தில், இருந்தது. அதோடு எடைத் தராசு விற்றவர்கள் கொடுத்த ஜார் ஒன்று. அது எந்த ரெப்பாசிட்டரியிலும் கிடையாது. பாமில் சிஸ்டம் ஸ்கோப் என்று போட்டு லிப் ஃபோல்டரையே காட்டச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறார்கள். கம்பைல் ஆகும், ஆனால் பேக்கேஜுக்குள் போகாது. நாங்கள் அலுவலகத்தில் சும்மா கிடந்த ஒரு கணினியில் நெக்ஸஸ் என்ற களஞ்சிய மென்பொருளைப் போட்டு, இப்படிப்பட்ட ஜார்களை அதில் ஏற்றிவிட்டோம். எல்லாருடைய செட்டிங்ஸ் ஃபைலிலும் மிரராக, அதாவது சென்ட்ரலுக்குப் பதிலாக, அதையே காட்டினோம். சென்ட்ரலிலிருந்து ஒருமுறை இறங்கியது அங்கேயே தங்கிவிடும் என்பதால் நெட் செலவும் குறைந்தது.

நெட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜார் இறங்கும்போது நெட் போனால், மேவன் சில சமயம் அந்தத் தோல்வியைக் குறித்து வைத்துக்கொள்ளும். நெட் திரும்பிய பிறகும், "முன்பே கிடைக்கவில்லை, இப்போதைக்குத் தேட மாட்டேன்" என்ற பொருளில் ஒரு பிழையைக் காட்டி அடம் பிடிக்கும். கட்டளையோடு பெரிய யு ஒன்றைச் சேர்த்தால் மறுபடி தேடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் தெரிந்தால், முந்தின நாளே கோ-ஆஃப்லைன் என்ற மேவன் கட்டளையை ஓட்டி எல்லாவற்றையும் மடிக்கணினியில் இறக்கிக்கொள்வேன்.

அப்புறம் தமிழ். பொருள் பெயரெல்லாம் பில்லில் தமிழில்தான் வர வேண்டும், கடைக்காரர்கள் அதில் கறார். என் உபுண்டுவில் பில்ட் செய்தால் "மல்லி" மல்லியாக வந்தது. அதே கோடை விண்டோஸ் கணினியில் பில்ட் செய்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தலையில் கோடு போட்ட சின்ன ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர். "ம" என்பதற்கு அந்த வட்ட ஆர் இரண்டு முறை. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் (என்கோடிங்) "ம" மூன்று பைட். விண்டோஸ் அதைத் தன் பழைய 1252 என்கோடிங்கில் மூன்று தனி எழுத்தாகப் படித்துவிட்டது. பில்ட் லாகில் மேவன் எச்சரிக்கையும் கொடுத்திருந்தது: இயங்குதளத்தின் என்கோடிங்கைப் பயன்படுத்துகிறேன், இந்த பில்ட் கணினிக்குக் கணினி மாறும் என்று. மஞ்சள் எழுத்தை யார் படிக்கிறார்கள்? பாமில் சோர்ஸ் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி போட்டதும் தீர்ந்தது. ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8தான் இயல்பு. கடைகளுக்காக நாங்கள் இன்னும் ஜாவா 8-இலேயே இருப்பதால் எங்களுக்கு அந்த வரி கட்டாயம்.

அடுத்து வந்தது ஃபாண்ட் தகராறு. மென்பொருளின் "பற்றி" ஜன்னலில் வெர்ஷன் எண் தானாக வரட்டும் என்று ஃபைலுக்குள் எண்ணை நிரப்பும் ரிசோர்ஸ் ஃபில்டரிங் போட்டிருந்தோம். ஜேபிஜி, பிஎன்ஜி போன்ற சில பட வகைகளைத் தவிர, மேவன் அந்த ஃபோல்டரில் இருக்கும் மற்ற எல்லா ஃபைலையும் எழுத்து ஃபைலாக நினைத்துப் படித்து, திரும்ப எழுதும். தமிழ் ஃபாண்டும் அதே ஃபோல்டரில்தான் இருந்தது. பில்ட் வெற்றி என்று வரும், ஓட்டினால் ஃபாண்ட் கெட்டுப்போனது என்று நின்றுவிடும். வெர்ஷன் இருக்கும் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலைத் தனி ஃபோல்டரில் வைத்து அதற்கு மட்டும் ஃபில்டரிங் போட்டதும் சரியானது.

எனக்குக் கேட்டால், இந்த மொத்த மாற்றத்தில் அதிகம் உதவியது அந்த வெர்ஷன் எண்தான். முன்பெல்லாம் கடையிலிருந்து "தம்பி, பில்லு வரலை" என்று போன் வந்தால், அவர்களிடம் எந்த ஜார் ஓடுகிறது என்று அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது எண்ணைக் கேட்டு, கோடின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் அந்த எண் குறித்த டேகை எடுத்து, அதே பில்டை இங்கேயே ஓட்டிப் பார்க்கிறோம்.

மாட்யூல் பிரித்தது தனிக் கதை. மொத்தக் கடைக்கும் சில்லறைக் கடைக்கும் தனித்தனியாகக் காப்பி அடித்து வைத்திருந்த கோடை, எல்லாவற்றுக்கும் பொதுவான பேரன்ட் பாமுக்குக் கீழே பொது, மொத்தம், சில்லறை என்று பிரித்தோம். வெர்ஷன்களெல்லாம் பேரன்டில் ஒரே இடத்தில்.

அண்ணன் கிளம்பும் முன் தன் கணினியில் இறங்கிய ஜார்கள் சேர்ந்திருக்கும் லோக்கல் ரெப்பாசிட்டரியை முழுக்க அழித்துவிட்டு, க்ளீன் வெரிஃபை என்ற பில்ட் கட்டளை கொடுத்துப் பார்த்தார். ஜார் ஜாராக இறங்கி முடிந்து, பில்ட் சக்ஸஸ் வந்தது. "எதுக்கோ போட்டேன்" வகையில் இன்னும் ஒரு ஜார் பாக்கி இருக்கிறது. எடுத்தால் ஜிஎஸ்டி ரிப்போர்ட் மட்டும் வராது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. எடுத்தால் என்ன ஆகும் என்று எழுதிய கமென்டோடு அதைப் பாமில் வைத்திருக்கிறேன். ஜாவா 17-க்கு மாறும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்எம்எல்லைக் கையாளும் ஜாக்ஸ்பி, ஜாவா 11-இலேயே ஜேடிகே-யை (ஜாவாவோடு வரும் தொகுப்பு) விட்டுப் போய்விட்டதால், ரிப்போர்ட் பக்கத்தை அப்போது எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும்.