குற்றவியல் படிப்பு: விடுதி நாட்குறிப்பு

2025 ஜனவரி 20, திருநெல்வேலி

இன்று வகுப்பில் லொம்ப்ரோசோ. பிறவியிலேயே குற்றவாளியாக ஒருவன் இருப்பான், தாடையையும் காதையும் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று 1876இல் புத்தகம் போட்ட இத்தாலிய மருத்துவர். பின்னால் இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 சிறைவாசிகளை அளந்து பார்த்து, அப்படியொரு தனி உடலமைப்பே கிடையாது என்று 1913இல் எழுதினார். பாடம் அத்தோடு முடிந்தது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தப் புத்தகம் வருவதற்கு 5 ஆண்டு முன்பே, 1871இல், வட இந்தியாவில் குற்றப் பழங்குடியினர் சட்டம் வந்துவிட்டது. தாடையை அளக்கும் சிரமம்கூட அதற்குத் தேவைப்படவில்லை. எந்தக் கூட்டத்தில் பிறந்தான் என்பதே போதும்.

ஜனவரி 23

கைரேகைப் பயிற்சி. கண்ணாடியில் கறுப்புப் பொடி தூவி, டேப்பில் ரேகையை எடுத்தோம். உலகின் முதல் கைரேகை அலுவலகம் 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது. வகைப்படுத்தும் முறை எட்வர்டு ஹென்றி பெயரில் இருக்கிறது. அதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். இதைத் தேர்வுக்கும் எழுதுவேன்.

ராத்திரி அறைத்தோழியிடம் சொன்னேன். அவளுக்கு உசிலம்பட்டிப் பக்கம். “எங்க அப்பத்தா ரேகைச் சட்டம்னுதான் சொல்லும்” என்றாள். குற்றப் பழங்குடியினர் சட்டத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதன் 1911ஆம் ஆண்டு வடிவம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன் பிறகு ஊர் ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் காவலில் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான புது மாப்பிள்ளைக்கும் இதே கதிதானாம். ரேகை வைக்க மாட்டோம் என்று உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

மத்தியானம் நான் பொடி தூவிப் பழகிய அதே ரேகை. எங்கள் பாடப் புத்தகத்தின் கைரேகை அத்தியாயத்தில் இந்த ஊரின் பெயர் இல்லை. கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஜனவரி 29

புள்ளிவிவர வகுப்பு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தாலும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மிகக் கடுமையான ஒன்றைத்தான் கணக்கில் எடுக்கும். கொள்ளையடித்துக் கொலையும் செய்தால் கொலை மட்டும் ஏறும். சரி, இனிமேல் செய்தித்தாளில் அட்டவணை பார்த்தால் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 6

ஆய்வேட்டுத் தலைப்பு முடிவாகிவிட்டது: வழக்கமான குற்றவாளிகள் (திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்கள்) சட்டம். குற்றப் பழங்குடியினர் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1947இல் நீக்கியது, நாடு முழுக்க 1952இல் போனது. ஆனால் 1948லேயே இங்கே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. பிறப்பை வைத்துப் பார்ப்பதும் அதோடு நிற்கவில்லை. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தையே நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில்தான்.

காவல் நிலையப் பதிவேடுகளிலிருந்து தொடங்கலாம் என்றார் வழிகாட்டி. அதற்கு முன்னால் தோழியின் ஊர்ப் பெரியவர்களிடம் பேச வேண்டும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார். அப்பத்தாவுக்குக் காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டுமாம். அடுத்த வாரம் போகிறோம்.