ஒரு கிரேக்கச் சொல்லைத் தேடியபோது: 12 வசனமா, 11 வசனமா?

தமிழ் வேதாகமத்தில் 'மனதுருகி' என்று தேடினால் கிடைக்கும் பட்டியலை நம்பிப் பாடம் எடுக்க முடியாது. லெந்து கால வேதபாடத்துக்கு 'இயேசுவின் மனதுருக்கம்' என்ற தலைப்பை என்னிடம் கொடுத்தபோதுதான் இது புரிந்தது. நயீன் ஊர் விதவை, நல்ல சமாரியன், கெட்ட குமாரனின் தகப்பன் எல்லாரும் பட்டியலில் வந்தார்கள். ஆனால் 4000 பேருக்கு அப்பம் கொடுத்த சம்பவம் வரவில்லை. மத்தேயு 15:32-ஐ எடுத்துப் பார்த்தால் அங்கே 'ஜனங்களுக்காகப் பரிதபிக்கிறேன்' என்று இருக்கிறது. மூலத்தில் இரண்டும் ஒரே சொல்லா என்று தெரிந்தாக வேண்டும். கிரேக்கம் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் வரும்.

ஆங்கிலம் வழியாகப் போகலாமே என்று கிங் ஜேம்ஸ் பதிப்பில் 'கம்பேஷன்' என்று தேடினேன். தமிழில் குறைந்தது இங்கே கூடிவிட்டது. ரோமர், எபிரெயர், யூதா என்று நிருபங்களெல்லாம் வந்து நின்றன. மத்தேயு 18-இல் கடன்பட்ட வேலைக்காரன் உவமையில் 27-ஆம் வசனமும் வந்தது, 33-ஆம் வசனமும் வந்தது. ஒரே உவமைதான், ஆனால் கிரேக்கத்தில் அவை வேறு வேறு சொற்கள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிடுகிறது.

ஆக, மூலச் சொல்லைத்தான் தேட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஒரு வேத ஆராய்ச்சி மென்பொருள் என் கணினியில் இருந்தது (பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன்). அதில் கிரேக்கப் புதிய ஏற்பாடும் உண்டு. 'மனதுருகு' என்று பொருள்படும், நான் தேடிய சொல் ஸ்ப்லாங்க்னிட்ஸொமாய். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துத் தேடினால் ஒன்றுமே இல்லை என்றது. மென்பொருள் நம்பியிருக்கும் ஸ்ட்ராங் அகராதியின் (வேதாகம மூலச் சொற்களுக்கான அகராதி) எழுத்துப்பெயர்ப்பு அப்படி. கிரேக்கத்தில் 'காமா' எழுத்துக்குப் பின்னால் 'கை' வந்தால் அந்தக் காமா 'ங்' என்று ஒலிக்கும். அந்த அகராதியோ ஒலியை விட்டுவிட்டு எழுத்தை அப்படியே பெயர்த்து 'ஜி' போட்டிருக்கிறது. நான் 'என்' போட்டுத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சரி, கிரேக்க எழுத்திலேயே அடிப்போம் என்று விண்டோஸில் கிரேக்க விசைப்பலகையைச் சேர்த்தேன். சேர்ப்பது சுலபம், பழகத்தான் கொஞ்சம் நேரமாகும். 'எஸ்' விசையில் சாதாரண சிக்மா வரும். சொல்லின் கடைசியில் வரும் சிக்மாவுக்கு உருவமே வேறு, அது 'டபிள்யூ' விசையில் இருக்கிறது. 'ஸ்ப்லாங்க்னிஸ்தெயிஸ்' ('மனதுருகி') என்ற வடிவத்தைச் சாதாரண சிக்மாவில் முடித்தால் அந்த மென்பொருள் கண்டுகொள்ளாது. மேலே ஏறும் அழுத்தக் குறிகள் அதைவிடப் பெரிய தொல்லை. அகராதியில் சொல்லின் கடைசி அசைமேல் வலப்பக்கம் உயர்ந்து நிற்கும் குறி, வாக்கியத்தில் அடுத்த சொல் ஒட்டி வந்தால் இடப்பக்கம் சாய்ந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் குறியேற்றிய எழுத்துக்கு யூனிகோடில் இரண்டு இடங்கள் உண்டு, நவீன கிரேக்கத்துக்கு ஒன்று, பழைய கிரேக்கத்துக்கு ஒன்று. தமிழில் 'கொ' அடிக்கும்போது ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் அடிக்கலாம் அல்லவா, அதே கதைதான். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

தேடல் அமைப்பில் 'குறிகளைப் பொருட்படுத்தாதே' என்று ஒரு தெரிவு எங்கோ உள்ளே ஒளிந்திருந்தது. அதைப் போட்டதும் இந்தத் தொல்லை ஒழிந்தது. இப்படி ஒரு வசதியை ஏன் முதல் திரையிலேயே வைக்க மாட்டார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அப்புறம் சொல்லின் முதல் பாதியை அடித்து, பின்னால் நட்சத்திரக் குறி (அங்கே எந்த எழுத்து வந்தாலும் சரி என்று பொருள்) போட்டுத் தேடினேன். வினைச்சொல் 6 வசனங்களில் வந்தது. கூடவே இதே வேரில் பிறந்த பெயர்ச்சொல்லும் நிருபங்களிலிருந்து கலந்து வந்தது. ஆனால் மத்தேயு 9:36 இல்லை. 'மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல' என்ற வசனம் இல்லாமல் மனதுருக்கத்தைப் பற்றி ஒரு பாடமா?

காரணம் கிரேக்க இலக்கணத்தில் இருக்கிறது. இறந்த காலத்தில் வினையின் முன்னால் ஒரு 'எ' ஒட்டிக்கொள்ளும். 'மனதுருகினார்' என்பதற்கு 'எஸ்ப்லாங்க்னிஸ்தே' என்று எழுத வேண்டும். சொல் 'எ'யில் தொடங்கிவிடுவதால் 'ஸ்ப்' என்று தொடங்கும் சொற்களைத் தேடுகிறவன் கண்ணில் அது படாது. நட்சத்திரக் குறியை முன்னாலும் போட்டேன். விடுபட்ட ஆறும் வந்து சேர்ந்தன. கூடவே எபேசியர் 4:32, 1 பேதுரு 3:8, யாக்கோபு 5:11 என்று கூட்டுச் சொற்களும் வந்தன. அவற்றைக் கையால் கழிக்க வேண்டியிருந்தது.

இத்தனையும் தேவையில்லாத வழி ஒன்று உண்டு. அதுதான் ஸ்ட்ராங் எண். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய நூலில் (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் நூல்) புதிய ஏற்பாட்டின் ஒவ்வொரு கிரேக்க அகராதிச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்தார். கடைசி எண் 5624. கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன் காகிதத்தில் செய்த வேலை இன்றும் பல வேத மென்பொருள்களுக்கு முதுகெலும்பு. நம் சொல்லின் எண் ஜி4697 ('ஜி' என்றால் கிரேக்கம்). எண் ஒட்டிய கிங் ஜேம்ஸ் பதிப்பில் இதை அடித்தால் எழுத்துக்கூட்டல், அழுத்தக் குறி, முன்னொட்டு எதுவும் குறுக்கே வராது. 12 வசனங்கள். மத்தேயுவில் 5, மாற்குவில் 4, லூக்காவில் 3. யோவானில் இல்லை, நிருபங்களில் இல்லை.

என் மென்பொருளில் இருந்த தமிழ் வேதாகமத்தில் இந்த எண்கள் இல்லை. அதனால் ஆங்கிலத்தையும் தமிழையும் இரு பத்திகளாகத் திறந்து வைத்து 12 வசனங்களையும் ஒப்பிட்டேன். நாம் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்தது. அதில் 8 இடங்களில் 'மனதுருகி', 2 இடங்களில் 'மனதிரங்கி', 2 இடங்களில் 'பரிதபிக்கிறேன்'. அந்தக் கடைசி இரண்டும் ஆண்டவர் தம் வாயால் 'நான்' என்று சொல்லும் இடங்கள். மற்றவற்றில் யாரும் தம்மைப் பற்றி 'நான்' என்று சொல்வதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்களா தெரியாது, ஆனால் தமிழ்க் காதுக்கு அது சரியாகத்தான் இருக்கிறது.

பட்டியலைச் சரிபார்க்க கேம்பிரிட்ஜில் உள்ள வேத ஆராய்ச்சி நிலையமான டிண்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிள் தளத்தைத் திறந்தேன். பிரவுசரிலேயே ஓடும், இலவசம். சொல்லின் மேல் சுட்டியை வைத்தால் பொருளும் எண்ணும் வந்துவிடும். அதில் எஸ்பிஎல் (வேதாகம இலக்கியச் சங்கம்) கிரேக்கப் புதிய ஏற்பாட்டை எடுத்து ஒவ்வொரு வசனமாகப் பார்த்தேன். 11 இடங்களில்தான் அந்தச் சொல் இருந்தது.

காணாமல் போனது மாற்கு 1:41. குஷ்டரோகியைத் தொடும் வசனம். அங்கே 'ஸ்ப்லாங்க்னிஸ்தெயிஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒர்கிஸ்தெயிஸ்' என்று இருந்தது. அதாவது 'கோபங்கொண்டு'. முதலில் தட்டச்சுப் பிழை என்றே நினைக்கத் தோன்றும், ஆனால் பிழை இல்லை. பீசா கையெழுத்துப் பிரதி என்று ஒன்று உண்டு. சீர்திருத்த இறையியலாளர் தியடோர் பீசா 1581-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. அதிலும் சில பழைய லத்தீன் பிரதிகளிலும் 'கோபங்கொண்டு' என்றுதான் இருக்கிறது. 2010-இல் எஸ்பிஎல் பதிப்பைத் தயாரித்த மைக்கேல் ஹோம்ஸ் அந்த வாசகத்தை எடுத்துக்கொண்டார். அறிஞர்கள் பரவலாகப் பயன்படுத்தும் நெஸ்லே-ஆலந்து கிரேக்கப் பதிப்பு 'மனதுருகி'யை வைத்திருக்கிறது. கிங் ஜேம்ஸுக்கு அடிப்படையான கிரேக்கப் பதிப்பிலும் அதுதான்.

கோபத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயம் இது: பிரதி எடுப்பவர் 'கோபங்கொண்டு' என்பதை 'மனதுருகி' என்று மாற்ற ஆசைப்படுவார், எதிர்மாறாக மாற்ற யாருக்கு மனம் வரும்? இதே சம்பவத்தைச் சொல்லும் மத்தேயு 8:3, லூக்கா 5:13 இரண்டிலும் அந்த இடத்தில் எந்த உணர்ச்சியுமே இல்லை என்பதையும் காட்டுகிறார்கள். வாதம் பலமானது. ஆனாலும் கிரேக்கத்தில் கிட்டத்தட்ட மற்ற எல்லாப் பிரதிகளும் ஒரு பக்கம் நிற்கும்போது ஒரே ஒரு பிரதிக்காக அவ்வளவையும் தள்ள எனக்கு மனமில்லை. பாடத்தாளில் 12 என்றே போட்டு, மாற்கு 1:41-க்குக் கீழே இரண்டு வாசகங்களையும் அடிக்குறிப்பாக எழுதினேன்.

இன்னொன்றையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இந்த வினையின் வேரில் இருக்கும் பெயர்ச்சொல் 'உள்ளுறுப்புகள்' என்று பொருள்படும். யூதாசின் குடல்கள் சரிந்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் 1:18-இல் அதுதான் வருகிறது. அதை வைத்துக்கொண்டு 'இயேசுவின் குடலே புரண்டது' என்று பிரசங்கிப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. ஆனால் 'ஈரல்குலை நடுங்கியது' என்று நாம் சொல்லும்போது ஈரலையா நினைக்கிறோம்? மென்பொருளில் ஒரு சொடுக்கில் வேர் கிடைக்கிறது என்பதால் அதையும் பாடத்தில் திணிக்க வேண்டும் என்றில்லை.

பாடம் நடந்த மாலையில் மற்ற 11 வசனங்களையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லாரும் அந்த அடிக்குறிப்பில்தான் நின்றார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "தம்பி, 41-இல் கோபம் இல்லைன்னே வைச்சுக்குவோம். 43-இல் அவனைக் கண்டிச்சு அனுப்புறாரே, அந்த வார்த்தை வேற எங்கெல்லாம் வருது?" என்று கேட்டார். அதன் எண் ஜி1690. புதிய ஏற்பாட்டில் 5 இடங்கள், அவற்றில் இரண்டு லாசருவின் கல்லறைச் சம்பவத்தில். இந்தச் சொல்லில் அந்த இறந்தகால 'எ' முன்னால் வராமல் நடுவில் புகுந்துகொள்கிறது. அதனால் தொடக்க எழுத்துகளை வைத்துத் தேடினால் இரண்டு இடங்கள்தான் வரும், எண்ணை வைத்துத் தேடினால் ஐந்தும் வரும்.