பாட்டை மாற்றினால் சதவீதம் குறையும்

"எங்கிருந்து எடுத்தாய் என்று எழுதிவிடு. எதையும் மாற்ற வேண்டாம்" என்றுதான் அந்த முனைவர் பட்ட ஆய்வு மாணவியிடம் சொன்னேன். ஆய்வேடுகளில் எத்தனை சதவீதம் பிற எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்த்துச் சான்றிதழ் தருகிற நூலகர் நான். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அதற்கு அவள் திருப்பிக் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் எனக்குள் இன்னும் அடங்கவில்லை.

"அப்படி எழுதினால் சதவீதம் குறையுமா, மேடம்?"

"குறையாது" என்றேன்.

உண்மை அதுதான். அடிக்குறிப்பு இருக்கிறதா என்று ஒப்புமை பார்க்கும் மென்பொருள் கவலைப்படுவதில்லை. இதே சொற்கள் இதே வரிசையில் வேறெங்காவது இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறது. மேற்கோள் குறிக்குள் இருப்பவற்றையும் துணைநூற்பட்டியலையும் விலக்கும்படி நாம் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழ் ஆய்வேடுகளில் பாதிப்பேர் மேற்கோள் குறியே போடுவதில்லை. "என்று இன்னார் கூறுகிறார்" என்று முடித்து, கீழே நூலின் பெயரையும் பக்க எண்ணையும் ஒழுங்காகத் தந்திருப்பார்கள். ஆனாலும் மென்பொருளின் அறிக்கையில் பத்தி முழுவதும் ஒப்புமை என்று நிறம் பூசிக்கொண்டு வந்து நிற்கும். மூலத்தின் பெயரையே சொல்லாமல் 'நாவல்' என்றிருந்ததைப் 'புதினம்' என்றும், 'பெண்கள்' என்றிருந்ததை 'மகளிர்' என்றும் மாற்றி, வாக்கியத்தின் தலையை வாலுக்குக் கொண்டுபோனால் நிறம் மறைந்துவிடும். ஒளிக்காமல் எழுதியவருக்கு எண் ஏறுகிறது, ஒளித்தவருக்கு இறங்குகிறது. இவ்வளவையும் நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் "குறையாது" என்ற ஒரு சொல்லிலிருந்தே மீதியை அவள் ஊகித்துக்கொண்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அவளுடைய ஆய்வு ஒப்பாரிப் பாடல்களைப் பற்றியது. முதல் அறிக்கையில் 31 சதவீதம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை குற்றமில்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மீண்டும் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். நாங்கள் ஒப்படைப்பதற்கு முன்பே பார்த்துத் தருவதால் இவற்றில் எதுவும் அவளைத் தொடவில்லை. திருத்தி எடுத்து வரலாம், அவ்வளவுதான். ஆனால் அவளுக்குக் கிடைத்திருந்த கால நீட்டிப்பு முடியும் தறுவாயில் இருந்தது.

அந்த 31 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு பகுதி, 'நாட்டுப்புறவியல்: ஓர் அறிமுகம்' என்ற முதல் இயல். நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இயலை நன்றாகத் தெரியும். வரையறைகள், வகைப்பாடுகள், மேலைநாட்டு அறிஞர்கள், தமிழ்நாட்டு முன்னோடிகள். இதை யாரும் புதிதாக எழுதுவதில்லை. ஒரு தலைமுறை ஆய்வாளரிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறி வந்துகொண்டிருக்கிறது. எழுத்துப்பிழைகள்கூட மாறாமல் வருகின்றன. அதில் அவள்மீது நான் இரக்கப்படத் தயாராக இல்லை.

மறு பகுதிதான் சிக்கல். அது பாடல்கள். அவள் தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் அலைந்து, தானே பதிவு செய்து, கேட்டுக் கேட்டு எழுதியவை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று பெண்கள் பாட மறுப்பார்கள். களப்பணிக்குப் போனவர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. தன் அத்தையை ஊருக்கு வெளியே களத்துமேட்டுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துப் பாடச் சொன்னதாக அவள் என்னிடம் சொன்னாள். பாடியவர் பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள் எல்லாம் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியலாக இருந்தன. அந்தப் பாடல்களைத்தான் மென்பொருள் பிடித்திருந்தது. வேறு மாவட்டத்தில் வேறு யாரோ தொகுத்து, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் முன்பே ஏறியிருந்த ஆய்வேடுகளில் அதே அடிகள் இருந்தன.

இருக்கத்தானே செய்யும்? ஒப்பாரி அப்படித்தான் வாழ்கிறது. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற பெண் அடிகளையும் எடுத்துக்கொண்டு போகிறாள். இழந்தது கணவனா, தாயா, அண்ணனா என்பதைப் பொறுத்து விளிச்சொல் மாறும். வருணனை அப்படியே நிற்கும்.

ஒழுங்குமுறையில் இன்னொரு விலக்கும் இருக்கிறது. பொது அறிவாகவோ தற்செயலாகவோ தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனால் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. தமிழில் அது எவ்வளவு நீளம் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. சீரைச் சொல்லாகக் கொண்டால் இரண்டு குறள் அடங்கிவிடும். உரைநடைக்கு அது தாராளம். பத்துப் பன்னிரண்டு அடிகள் ஒரே மூச்சில் ஓடுகிற பாட்டுக்கு அது போதாது.

அவள் திரும்ப வந்தபோது 9 சதவீதம். அறிக்கையைக் கொடுத்தனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முதல் கோப்பும் என் கணினியில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் இயலில் எதிர்பார்த்த வேலைதான் நடந்திருந்தது. ஒப்பாரி இயலுக்கு வந்தபோது நம்ப முடியவில்லை. 'பந்தல்' இருந்த இடத்தில் 'கொட்டகை' இருந்தது. அடுத்த அடி 'பாய்' என்று தொடங்குகிறது. மோனை போயே போய்விட்டது. 'பொன்னு' என்பது 'தங்கம்' ஆகியிருந்தது. சில இடங்களில் அடிகள் முன்பின்னாக மாறியிருந்தன. கீழே மட்டும் அத்தையின் பெயரும் வயதும் ஊரும் நாளும் அப்படியே இருந்தன.

கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை.

"அத்தை பாடியது பதிவில் பத்திரமாக இருக்கிறது, மேடம். அது அழிந்துவிடாது. ஆய்வேட்டில் மட்டும்தான் மாற்றினேன்."

"பாடல்களை மேற்கோள் குறிக்குள் போட்டு எடுத்து வா. விலக்கிவிட்டுப் பார்க்கிறேன். இதே எண்தான் வரும்" என்றேன்.

"இத்தனை பக்கம் மேற்கோளாக இருந்தால் உன் ஆய்வு எங்கே என்று கேட்பார்களே?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தேர்வாளர்களில் அப்படிக் கேட்பவர்கள் உண்டு.

நெறியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "பத்துக்குள் வந்துவிட்டதே, மேடம். இனி என்ன?" என்றார். பாட்டு மாறியிருக்கிறது என்றேன். "வாய்மொழிப் பாடலில் பாடபேதம் இயல்புதானே" என்றார். "பாடியவர் மாற்றினால்தான் அது பாடபேதம், சார்." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, பார்க்கச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டார். அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. பேராசிரியர் ஒருவர் ஒரே சமயத்தில் எட்டு ஆய்வாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. வகுப்பு, விடைத்தாள், தரமதிப்பீட்டுக் கோப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் எட்டு ஆய்வேடுகளை வரிவரியாக எப்போது படிப்பது? ஆனாலும் எங்கள் துறைகளில் முன்பு ஒரு பேராசிரியர் இருந்தார். இயலைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு பத்தியிலும் விரலை வைத்து, "இதை யார் சொன்னது?" என்று கேட்பார். நான்தான் என்று ஆய்வாளர் சொன்னால், "எப்படித் தெரியும்?" என்பார். அவரிடமிருந்து வந்த ஆய்வேடுகளில் என் மென்பொருளுக்கு வேலை இருந்ததில்லை.

சில நாள் கழித்து, நெறியாளர் கையொப்பத்துடன் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் வந்தது. அதே 9 சதவீதக் கோப்பு. கையெழுத்திட்டேன். நான் தருகிற சான்றிதழ் சொல்வது இதைத்தான்: இந்தக் கோப்பு, இந்த மென்பொருளில், இந்த நாளில், இத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. திருட்டு இல்லை என்று சான்று தர வேண்டியவர் நெறியாளர். ஒழுங்குமுறையே அப்படித்தான் சொல்கிறது. தரவு மெய்யா என்று பார்க்க வேண்டியவர்கள் தேர்வாளர்கள். நூலகர் பாட்டுக்கு நடுவராக உட்கார்ந்தால் நாளைக்கு வேதியியல் ஆய்வேட்டின் அட்டவணைக்கும் நடுவராக வேண்டியிருக்கும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் சரியாகத்தான் படுகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் ஏதோ உதைக்கிறது.

வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் வழங்கியதும் மென்படி எங்களிடம் வந்தது. பட்டம் வழங்கிய ஒரு மாதத்துக்குள் ஷோத்கங்காவுக்கு அனுப்ப வேண்டும். திறந்து பார்த்தேன். கொட்டகை கொட்டகையாகவே இருந்தது. பட்டம் பெற்ற பிரதி எதுவோ அதைத்தான் ஏற்ற முடியும், ஏற்றினேன். இனி அந்த அத்தை அந்தப் பாட்டை அப்படித்தான் பாடினார் என்று உலகம் படிக்கும். நாளை இன்னொரு ஆய்வாளர் இந்த வட்டாரத்து ஒப்பாரியில் 'கொட்டகை' என்ற சொல் வழங்குகிறது என்று எழுதி, ஒழுங்காக அடிக்குறிப்பும் தருவார். அவருடைய அறிக்கையில் எண் எவ்வளவு வந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகவே இருக்கும். எதைத் தடுப்பதற்காக என்னை அங்கே உட்காரவைத்திருக்கிறார்களோ அதைவிடப் பெரிய கேடு இது என்று நினைக்கிறேன். ஒருவருடைய வரியை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் மூலம் எங்கோ அப்படியே இருக்கிறது, தேடினால் கிடைக்கும். இங்கே மூலமே மாறிவிட்டது.

அந்த முதல் அறிக்கையை நான் இப்போது வேறு விதமாகப் படிக்கிறேன். எந்த அடி எந்த ஆய்வேட்டில், எந்த மாவட்டத் தொகுப்பில் இருக்கிறது என்று அது பக்கம் பக்கமாகக் காட்டியிருந்தது. ஒப்பாரி ஆய்வாளர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நூலகம் நூலகமாகத் தேடிச் சேர்க்க வேண்டிய ஒப்பீடு. "இந்த அடி அங்கேயும் பாடப்படுகிறது, இந்தச் சொல் மட்டும் இங்கே வேறு" என்று அவள் ஒரு இயலே எழுதியிருக்கலாம். ஆய்வேட்டின் மிகச் சிறந்த இயலாக அது வந்திருக்கக்கூடும். அவள் கைக்கு அது குற்றப்பத்திரிகையாகத்தான் போனது. நான் சொல்லியிருக்கலாமா? நேரம் இருந்ததா? கால நீட்டிப்பு முடியப்போகிற ஒருத்தியிடம் புதிய இயல் எழுது என்று சொல்வது உதவியா, கொடுமையா? எனக்கு முடிவு தெரியவில்லை.

ஆய்வு அறம் பற்றிய பாடத்தை 2019 இறுதியில் மானியக் குழு முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியபோது, சில வகுப்புகள் நூலகத்துக்கு வந்தன. நான் முன்பு அதில் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்றுதான் சொல்லித்தந்தேன். மாணவர்கள் கவனமாகக் குறித்துக்கொண்டார்கள். எண்ணைக் குறைக்கும் வழியையும் அதிலிருந்தே கற்றுக்கொண்டார்கள் என்பது என் சந்தேகம். இப்போது மென்பொருளைக் கடைசி வகுப்புக்குத் தள்ளிவிட்டேன். முதல் வகுப்பில் குறிப்பேடு எடுக்கச் சொல்கிறேன். புத்தகத்திலிருந்து ஒரு வரியை எழுதும் முன்பே நூல், ஆண்டு, பக்க எண். அப்படியே எடுத்த வரிக்கு மேற்கோள் குறி அந்த நொடியிலேயே. தன் சொந்த எண்ணத்தை வேறு மையில். இது பள்ளிக்கூடப் பாடம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் யாரும் சொல்லித்தரவில்லையே, பிறகு எங்கே கற்பார்கள்?

களத்தரவு உள்ள ஆய்வேடு என்றால் பாடல்களையும் நேர்காணல்களையும் தனிக் கோப்பாகத் தரச் சொல்கிறேன். அதைக் கணக்கில் சேர்க்காமல் மீதியை மட்டும் பார்க்கிறேன். பாடல்களுக்கு வரும் ஒப்புமைகளைத் தனியாக அச்சிட்டு, ஆய்வாளரையும் நெறியாளரையும் சேர்த்து உட்காரவைத்துத் தருகிறேன். விதியில் இப்படிச் செய்யச் சொல்லவில்லையே என்று என் சக நூலகர் ஒருவர் கேட்டார். மேற்கோளை விலக்கலாம் என்று விதி சொல்கிறது, பாடல் மேற்கோள்தானே என்றேன். அவர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. பாடல் என்று சொல்லி வேறு எதையாவது அந்தக் கோப்பில் ஒளித்து வைக்க மாட்டார்களா என்பது அவர் கேள்வி. வைப்பார்கள்தான். அதனால் அந்தக் கோப்பை நானே படிக்கிறேன், ஒலிப்பதிவில் இரண்டு மூன்றைக் கேட்டும் பார்க்கிறேன். ஒரு ஆய்வேட்டுக்கு அரை நாள் போகிறது. தமிழ்த்துறை இந்த முறைக்கு வாய்மொழியாக ஒப்புதல் தந்திருக்கிறது. எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.